புக்கிட் ரம்பாயின் விளக்கும் அதன் புகையும்

மலாக்கா நகரத்திற்கு வடமேற்கே, கடற்கரையை விட்டுச் சற்றே உள்வாங்கி அமைந்திருக்கும் புக்கிட் ரம்பாய் என்னும் சிற்றூரை மலேசியத் தேசப்படத்தில் தேடுகிறவர்கள் பூதக்கண்ணாடியின் துணையை நாட வேண்டியிருக்கும். ஆயினும் அந்நாட்டின் மின்சார உற்பத்தியினால் ஆகாயத்தில் கலக்கும் கரியமில வாயு எக்காரணங்களால் பெருகிற்று என்று ஆராயப் புகுகிறவனுக்கு அதைக் காட்டிலும் வாய்ப்பான இடம் அமைவது அரிது. அண்டையிலுள்ள தஞ்சோங் கிளிங்கில் எரிவாயுவால் இயங்கும் ஒரு மின்நிலையம். சுங்கை ஊடாங்கில் கப்பல்களில் வந்திறங்கும் திரவ எரிவாயுவை மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் செலுத்தும் முனையம். அதற்கும் அப்பால் அலோர் காஜா மாவட்டத்துத் தெலுக் கோங் கரையில் நாட்டின் பெரிய எரிவாயு நிலையங்கள். எல்லையைத் தாண்டி நெகிரி செம்பிலானுக்குள் சென்றால் போர்ட்டிக்சன் வட்டாரத்தில் நிலக்கரியை மலைபோல் குவித்துவைத்து எரிக்கும் நிலையங்கள். ஒரு பொழுதில் காரில் சுற்றிவரக்கூடிய இந்தக் கரையோரப் பிரதேசத்தில் ஒரு தேசத்தின் மின்சாரச் சரித்திரம் ஏறக்குறைய முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

இவ்விஷயத்தை ஆராயும் பொருளியல் அறிஞர்கள் ஒரு பெருக்கற் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜப்பானியப் பேராசிரியர் யோஇச்சி கயா 1980களின் முடிவில் வகுத்த சூத்திரத்தை அடியொற்றி, ஜனத்தொகை எவ்வளவு, தலைக்கு வருமானம் எவ்வளவு, அவ்வருமானத்தை உண்டாக்கச் செலவாகும் மின்சாரம் எவ்வளவு, அம்மின்சாரத்தில் எதையேனும் எரித்துப் பெறுவது எத்தனை பங்கு, எரிக்கிற பொருள் எந்த ஜாதி, அதன் வெப்பத்தில் எத்தனை பங்கு மின்சாரமாக மாறுகிறது என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கி, எது புகையை எவ்வளவு ஏற்றிற்று, எது எவ்வளவு இறக்கிற்று என்று பிரித்துக் காட்டுவார்கள். கணக்கில் பிழை காண நான் துணியவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் காலம் என்பது ஒரு வருஷத்துக்கும் மறு வருஷத்துக்கும் இடையேயுள்ள வித்தியாசமாக மட்டுமே வருகிறது. இன்ன எரிபொருளை இன்ன விலைக்கு இத்தனை வருஷ காலம் எரிப்போம் என்று யாரோ ஒருநாள் கையொப்பமிட்ட கதை அதில் ஏறுவதில்லை. மலேசியாவைப் பொறுத்தவரை விஷயத்தின் சூட்சுமம் அந்தக் கையொப்பங்களில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

மலாயாவில் மின்சாரம் முதன்முதல் உற்பத்தியானது 1894ஆம் ஆண்டில், சிலாங்கூர் மாநிலத்து ரவாங்கில், ஓர் ஈயச் சுரங்கத்தில். அதை நிறுவிய இருவரில் ஒருவர் சீனப் பெருந்தனவந்தர் லோக் யூ. மற்றவர் நம்மவரான தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயத்தை எழுப்பியவர் என்றும் பத்துமலையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கிவைத்தவர் என்றும் தைப்பூசந்தோறும் அவரைக் கொண்டாடுகிறோம். விசையைத் தட்டி விளக்கேற்றுகிற வேளையில் அவரை நினைக்கிறவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அவருடைய மின்சாரம் வீடுகளில் விளக்கெரிக்கப் பிறந்ததன்று என்பதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஈயம் தோண்டுகிற குழியில் ஊறி நிற்கும் தண்ணீரை இறைப்பதற்காகவே அது பிறந்தது. அதற்கு முன்னும் அதை ஒட்டியும் அதே வேலையைச் செய்த நீராவி இயந்திரங்களுக்காகச் சுரங்கங்களைச் சுற்றியிருந்த காடுகள் வெட்டுண்டு விறகாயின. அந்த அழிவைக் கண்டு கலங்கியதும் சர்க்கார் வன இலாகாவை ஏற்படுத்தியதற்கு ஒரு காரணம்.

ஆறு வருஷங்கள் சென்றபின், 1900இல், பகாங் மாநிலத்து ரவுப்பில் தங்கம் தோண்டிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கம்பெனி செம்பாம் ஆற்றின் நீர்வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் எடுத்தது. ஆக, எரித்துப் பெறும் வழியும் எரிக்காமல் பெறும் வழியும் இந்நாட்டில் ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றியவை. எந்த வழியை மேற்கொள்வது என்பதை நிர்ணயித்தது அறநோக்கமும் அன்று, விஞ்ஞான ஆர்வமும் அன்று. சுரங்கத்திற்குப் பக்கத்தில் அருவி இருந்ததா, விறகு இருந்ததா என்பதுதான்.

மலாக்காவுக்கு உயர்ந்த மலைகளின் பாக்கியமும் பேரருவிகளின் பாக்கியமும் வாய்க்கவில்லை. அதற்கு வாய்த்தது ரப்பர். 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் நட்ட கன்றுகள் மலாயாவின் முதல் வர்த்தக ரப்பர்த் தோட்டமாயின. அதையடுத்துப் புக்கிட் அசகானில் அவர் வளர்த்த பெருந்தோட்டம் 1906இல் லண்டன் கம்பெனிக்குக் கைமாறிற்று. பால்மரங்கள் எங்கெங்கு நின்றனவோ அங்கெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளோடு கப்பலேறி வந்த ஜனங்கள் லயங்களில் குடியேறினார்கள். மரம் சீவுவதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. பால் உறைந்த தகடுகளை உலர்த்துவதற்கும் புகையறையில் மூட்டிய விறகே போதுமானதாயிருந்தது. ஆகவே உலகத்து மோட்டார் வாகனங்களுக்கு டயர் கொடுத்த தொழில், தன்னைச் செய்த மக்களின் குடிசையில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கையே எரியவிட்டது. பிற்காலத்தில் டீசலில் ஓடும் இஞ்சின் வந்தபோதும் துரையின் பங்களாவும் ஆலையும்தான் முதலில் வெளிச்சம் பெற்றன. லயத்துக்குக் கம்பி இழுத்த தோட்டங்கள் பலவற்றிலும் மாலையில் சில மணி நேரம் விளக்கெரியும், பிறகு இஞ்சின் நிறுத்தப்படும், பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு 40 வாட் பல்பு நாள்தோறும் நாலு மணி நேரம் எரிந்ததாக வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு அந்தக் குடும்பம் செலவிட்டது ஏறத்தாழ 58 யூனிட்தான். இந்தச் சிறு தொகையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

தலைநகரின் கதை வேறு. பத்து ஆராங்கில் கண்டெடுக்கப்பட்ட நிலக்கரியை 1915 முதல் மலாயன் காலியரீஸ் கம்பெனி தோண்டியெடுத்து ரயிலுக்கும் சுரங்கங்களுக்கும் விற்றது. 1927இல் கோலாலம்பூர் பங்சாரில் எழுந்த மின்நிலையமும் அக்கரியை உண்டு வளர்ந்தது. 1937இல் பத்து ஆராங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தைத் தம் வசமே எடுத்துக்கொண்டபோது காலனி ஆட்சி கலங்கியதற்கு, ரயிலும் மின்சாரமும் ஒருங்கே நின்றுவிடும் என்ற அச்சம் பெரிய காரணம். ஒரே சுரங்கத்துக் கரியை நம்பி வாழ்வதன் ஆபத்தை அந்த நாட்கள் உணர்த்தின. பேராக்கில் மட்டும், கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக் கம்பெனிகளுக்காகப் பேராக் ஆற்றைத் தடுத்துக் கட்டிய செண்டெரோ அணை 1930இல் ஓடத் தொடங்கி, ஆற்று மின்சாரமும் ஆதாயம் தரும் என்பதை நிரூபித்தது.

யுத்தத்திற்குப் பின், 1949 செப்டம்பர் 1ஆம் தேதி மத்திய மின்சார வாரியம் பிறந்தது. அது தன் கைக்கு வந்த 34 நிலையங்களையும் கூட்டிப் பார்த்தபோது கிடைத்த ஆற்றல் 39.88 மெகாவாட், அதில் 26.5 மெகாவாட் பங்சார் ஒன்றினுடையது, உலு லங்காட்டின் நீர்மின்சாரம் 2.28, மீதி ஆங்காங்கே சிற்றூர்களில் புகைந்துகொண்டிருந்த டீசல் இஞ்சின்கள். 1953இல் கிள்ளானுக்கு அருகே கன்னாட் பாலத்தில் 80 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. வளைகுடா நாடுகளிலிருந்து எண்ணெய் மலிவாகப் பாய்ந்து வந்த காலம் அது. ரயில் டீசலுக்கு மாறிற்று, மின்நிலையங்கள் எரியெண்ணெய்க்கு மாறின, வாங்குவாரற்ற பத்து ஆராங் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. போர்ட்டிக்சனில் ஷெல் முதலிய கம்பெனிகள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைக் கட்டின. அவ்வாலைகளின் அண்டையிலேயே எரியெண்ணெயை உண்ணும் மின்நிலையமும் எழுந்தது. கேமரன் மலையில் 1963இல் தொடங்கிய நீர்மின் திட்டமும், பின்னர் வந்த தெமெங்கோர், கென்யிர் அணைகளும் இருந்தனவே என்றால், இருந்தன; ஆனால் தேவை வளர்ந்த வேகத்துக்கு மேற்கு மலேசியாவின் ஆறுகள் ஈடுகொடுக்கவில்லை. 1973இல் எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறியபோதுதான், நாட்டின் விளக்குகள் மிகப் பெரும்பாலும் எண்ணெயில் எரிகின்றன என்பது ஆட்சியாளருக்கு உறைத்தது.

அதன் விளைவே 1981ஆம் ஆண்டின் நான்கு எரிபொருள் கொள்கை. எண்ணெய், நீர், எரிவாயு, நிலக்கரி ஆகிய நான்கினையும் கலந்து உபயோகிக்க வேண்டும் என்று அது விதித்தது. அக்கொள்கையை வகுத்தவர்கள் கரியமில வாயுவை நினைத்தவர்கள் அல்லர். அவர்களுடைய கவலை எண்ணெய் விலையைப் பற்றியது. ஆயினும் திரெங்கானுக் கடலடியில் கிடைத்த எரிவாயுவைக் கெர்த்தேயில் கரையேற்றி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குக் கொண்டுவந்த, தேசிய எண்ணெய்க் கம்பெனியான பெட்ரோனாஸின் குழாய்கள் 1990களின் தொடக்கத்தில் முற்றுப்பெற்றபோது, யாரும் உத்தேசிக்காத நன்மையாக ஒவ்வொரு யூனிட்டின் புகையும் குறைந்தது. யாரும் உத்தேசிக்காத நன்மையை யாரும் பாதுகாப்பதுமில்லை என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று.

இனிவரும் பகுதி மலாக்காக் கரைக்கே உரியது. 1990 செப்டம்பரில், தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறியிருந்த மத்திய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் என்னும் கம்பெனியாக மாற்றப்பட்டது. அப்போது அத்துறையின் அமைச்சர் ச. சாமிவேலு. 1992 செப்டம்பரில் தீபகற்பம் முழுவதும் இருளில் மூழ்கிற்று. தெனாகாவின் கையில் மட்டும் உற்பத்தியை விட்டுவைப்பது ஆகாது என்ற குரல் வலுத்து, 1993 முதல் தனியார் உற்பத்தியாளருக்கு உரிமங்கள் வழங்கப்பட்டன. ஒய்டிஎல் என்ற கம்பெனி முந்திக்கொண்டது, அந்த முதல் வரிசையிலேயே பவர்டெக் கம்பெனி தெலுக் கோங்கில் 440 மெகாவாட் நிலையத்தைக் கட்டிற்று. பின்னர் தஞ்சோங் கிளிங்கில் 334 மெகாவாட் பாலவான் நிலையமும், 2003இல் மறுபடியும் தெலுக் கோங்கில் 720 மெகாவாட் பங்லிமா நிலையமும் எழுந்தன. இம்மூன்றும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியினரான ஆனந்த கிருஷ்ணனின் தஞ்சோங் நிறுவனத்தின் குடைக்கீழ் வந்தன. ரவாங்கில் தம்புசாமிப் பிள்ளை தொடங்கியதை நூறு வருஷங்கள் கழித்து மலாக்காவில் இன்னொரு தமிழர் தொடர்ந்தார் என்று பெருமைப்படலாம். பெருமைப்படுவதற்கு முன் அவர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களின் இயல்பையும் பார்த்துவிட வேண்டும்.

ஒப்பந்தங்களின் சாராம்சம் இதுதான்: நிலையம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், அது ஓடத் தயாராயிருப்பதற்கே இருபது வருஷங்களுக்கும் மேலாகத் தெனாகா ஒரு தொகையைச் செலுத்திவர வேண்டும், எரிவாயுவை உலக விலையில் ஒரு பகுதிக்குப் பெட்ரோனாஸ் கொடுத்துவர வேண்டும். 1997இல் நிர்ணயித்த எரிவாயு விலை 2008 வரை அசையாமல் நின்றது. எரிபொருள் மலிவாயிருக்கும்போது அதை மிச்சப்படுத்த யாருக்குத்தான் மனம் வரும்? தெலுக் கோங்கின் முதல் நிலையம் வாயுச்சுழலிகளின் வெந்த காற்றை அப்படியே புகைபோக்கியில் விட்டுவிடும் வகையைச் சேர்ந்தது. அத்தகைய நிலையம் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்கும். அவ்வெந்த காற்றைக் கொண்டு நீராவி உண்டாக்கி இரண்டாம் முறையும் சுழலி ஓட்டுகிற கூட்டுச்சுழற்சி நிலையமோ பாதிக்கும் மேல் மின்சாரமாக்கிவிடும். அதே எரிவாயு, அதே கரை. ஒன்றில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.6 கிலோ கரியமில வாயு, மற்றதில் 0.4 கிலோ.

மலிந்த எரிவாயுவுக்குத் தட்டுப்பாடும் வந்தது. சரவாக்கின் பிந்துலுவிலிருந்து 1983 முதல் திரவமாக்கி ஜப்பானுக்கு அனுப்பிய எரிவாயுவுக்குக் கிடைத்த விலையில் சிறு பங்கே உள்நாட்டு மின்நிலையம் கொடுத்தது; திரெங்கானுக் கடலின் கிணறுகளோ வற்றத் தொடங்கின. 2000ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நாலில் மூன்று பங்கு எரிவாயுவிலிருந்து வந்தபோது, ஒரே பொருளை நம்புவது ஆபத்து என்ற பழைய நியாயம் மீண்டும் தலைதூக்கிற்று. 1973இல் எண்ணெயிலிருந்து எரிவாயுவுக்குத் துரத்திய அதே நியாயம் இம்முறை எரிவாயுவிலிருந்து நிலக்கரிக்குத் துரத்திற்று. மஞ்சோங் 2003இல், தஞ்சோங் பின் 2006இல், போர்ட்டிக்சனை அடுத்த ஜிமா 2009இல், அதன் அண்டையிலேயே 2,000 மெகாவாட் கொண்ட கிழக்கு ஜிமா 2019இல் என்று கடற்கரையோரம் நெடுகப் புகைபோக்கிகள் எழுந்தன. பத்து ஆராங்கை மூடிய நாடு இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பல் கப்பலாகக் கரி வாங்கலாயிற்று.

இங்கேதான் பெருக்கற் கணக்கு ஒரு விசித்திரத்தைக் காட்டுகிறது. புதிய கரி நிலையங்கள் பழைய கரி நிலையங்களைவிடத் திறமையானவை. மஞ்சோங்கில் 2015இல் ஓடத் தொடங்கிய நான்காம் பிரிவு தென்கிழக்காசியாவிலேயே அதிநவீனமானது என்று புகழப்பட்டது. நூற்றுக்கு 35 பங்கு வெப்பத்தை மின்சாரமாக்கிய இடத்தில் 40 பங்கு ஆக்கிற்று. ஆயினும் அது எரிப்பது கரி, யூனிட்டுக்கு 0.8 கிலோவுக்குக் குறைந்து இறங்குவது அதற்கு எளிதன்று. பொறியியல் படிப்படியாக ஈட்டிய ஆதாயத்தை எரிபொருள் மாற்றம் என்ற ஒரே தீர்மானம் விழுங்கிவிட்டு மேலும் கேட்டது. 2022இல் தீபகற்பத்தில் உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் சராசரியாக ஏறத்தாழ 0.77 கிலோ கரியமில வாயு வெளியாயிற்று. அதே தேசத்தின் அதே கொடியின்கீழ் இருக்கும் சரவாக்கில் அவ்வளவு 0.2 கிலோவே, காரணம் பாக்குன் முதலிய பேரணைகள். அந்த அணை நீரில் தம் நீளவீடுகளை இழந்து வெளியேறிய ஏறத்தாழ 10,000 பூர்வகுடிகள் இந்தக் கணக்கின் எந்தப் பத்தியிலும் இல்லை என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

சுங்கை ஊடாங்கின் கதையைச் சுருங்கச் சொல்லலாம். உள்நாட்டு எரிவாயு போதாமையால், எரிவாயுவை ஏற்றுமதி செய்யும் நாடு எரிவாயுவை இறக்குமதி செய்வதற்காக 2013இல் அங்கே முனையம் திறந்தது. வருஷத்துக்கு 38 லட்சம் டன் அதன் கொள்ளளவு. இதே காலத்தில் இக்கரையின் நிலையங்களும் கைமாறின: 2012இல் ஆனந்த கிருஷ்ணனின் மின்நிலையங்கள் 850 கோடி ரிங்கிட்டுக்கு 1எம்டிபி என்ற அரசு நிறுவனத்துக்குப் போய், அதன் ஊழல் அம்பலமான பின் 2015இல் 983 கோடி ரிங்கிட்டுக்குச் சீன அணுசக்திக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. அக்கம்பெனியின் வசமுள்ள எட்ரா 2022இல் அலோர் காஜாவில் முடித்த நிலையம் ஒன்றே 2,242 மெகாவாட். 1949இல் மத்திய மின்சார வாரியம் பெற்ற அனைத்தையும்போல் ஐம்பத்தாறு மடங்கு.

இத்தனை மின்சாரத்தையும் யார் செலவிட்டார்கள் என்ற கேள்விக்கும் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்தில் விடை இருக்கிறது. 1970களில் பத்து பிரெண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் தீர்வையற்ற தொழிற்பேட்டைகள் திறக்கப்பட்டன. நேற்றுவரை தாயாரோடு பால்வாளி சுமந்த தமிழ்ப் பெண்கள் தோட்டத்து வாசலில் பஸ்ஸேறிக் குளிரூட்டிய அறைகளில் மின்னணுச் சில்லுகளைக் கோக்கப் போனார்கள். பால்மரங்கள் சாய்க்கப்பட்ட நிலத்தில் எண்ணெய்ப்பனையும், அதன்பின் தாமான் என்னும் குடியிருப்பும் தொழிற்சாலையும் எழும்பின. புக்கிட் ரம்பாயும் தனக்கென்று ஒரு தொழிற்பேட்டையைப் பெற்றது. இன்று மலேசியாவில் தலைக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 5,000 யூனிட் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. அதில் வீடுகள் செலவிடுவது ஐந்தில் ஒரு பங்குதான். ஏறத்தாழ பாதி தொழிற்சாலைகளுக்கும், மீதியில் பெரும்பகுதி கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போகிறது. ஜனத்தொகை பெருகியது புகைக்குக் காரணம் என்று சிலர் எழுதுகிறபோது, வருஷமெல்லாம் 58 யூனிட் செலவிட்ட லயத்துக் குடும்பத்தின் ஐந்தாறு தலைகளும் அந்த ஜனத்தொகையில் எண்ணப்பட்டவையே என்பதை நினைத்துக்கொள்கிறேன். தோட்ட முதலாளிகள் தொழிலாளர் வீடுகளுக்கு மின்சாரம் அளிக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது 1990இல். அதே வருஷத்தில்தான் தெனாகா நேஷனல் கம்பெனியும் பிறந்தது. தலைக்கணக்கில் சராசரி எடுப்பது கணிதத்துக்கு உகந்தது. பொறுப்பைப் பங்கிடுவதற்கு அது உகந்ததன்று.

வருமானம் உயர்ந்ததும் தொழில் பெருகியதும் புகையை ஏற்றின என்பதில் சந்தேகமில்லை. அவ்விரண்டையும் யாரும் வேண்டாமென்று சொல்லப்போவதுமில்லை. எனவே எஞ்சி நிற்பது எரிபொருளின் ஜாதி. அதை இந்நாடு எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் கரிக்கும் மாற்றி மாற்றித் தேர்ந்தபோது ஒவ்வொரு தடவையும் விலையையும் தட்டுப்பாட்டையும் பார்த்ததேயன்றி வாயுவைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தேர்வையும் கால் நூற்றாண்டுக்குப் பூட்டுப்போட்டும் வைத்தது. ரெம்பியாவில் 2010 முதல் சூரிய மின்கலங்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய மலாக்கா, தன் சொந்த விளக்குக்குக் கரியையும் வாயுவையும் நம்பியிருந்தது இந்தப் பூட்டின் வலிமைக்குச் சாட்சி.

2023இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம் 2050க்குள் நிறுவப்பட்ட ஆற்றலில் நூற்றுக்கு எழுபதைப் புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்து பெறுவதாகச் சொல்கிறது. கரி நிலையங்கள் அனைத்தும் 2044க்குள் ஓய்வு பெறும் என்றும் அரசு அறிவித்திருக்கிறது. இந்த 2044 என்ற ஆண்டைக் கேட்டு, விஞ்ஞானிகள் கூடி ஆய்ந்து கண்ட கெடு என்று வாசகர் எண்ணிவிட வேண்டாம். போர்ட்டிக்சனில் 2019இல் ஓடத் தொடங்கிய கிழக்கு ஜிமா நிலையத்தோடு தெனாகா செய்துகொண்ட 25 வருஷ ஒப்பந்தம் முடிகிற ஆண்டு அது.